மூடியிருந்த வாணலி

பெரிய கரண்டி என்பது அவளுக்கு விடுதிச் சமையல்காரர்கள் வைத்த பெயர். ஆலைத் தொழிலாளர்கள் தங்கும் விடுதி அது. ஒரு ஷிப்டு சாப்பிட்டு எழுந்தால் அடுத்த ஷிப்டு கைகழுவிக்கொண்டு நிற்கும். அந்தச் சமையற்கட்டுக்கு அவள்தான் தலைமை. கையில் எப்போதும் ஒரு நீளக் கரண்டி இருக்கும். கிண்டுவதற்கு இல்லை, வேவு பார்ப்பதற்கு. அடுப்பு வரிசையில் நடந்து வருவாள். எந்த அண்டா மூடியிருக்கிறதோ அதன் முன்னால் நிற்பாள். கரண்டி முனையை மூடிக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு.

“மூடி வெச்சிருக்கான்னா எதையோ கெடுத்து வெச்சிருக்கான்னு அர்த்தம்” என்பாள்.

பெரும்பாலும் அப்படித்தான் இருந்து தொலைத்தது. சோறு குழைந்திருக்கும், இல்லை கறி அடிப்பிடித்திருக்கும், இல்லை எவனாவது தன் கூட்டாளிக்கென்று நல்ல துண்டங்களைப் பொறுக்கி ஒதுக்கியிருப்பான். அகப்பட்டவன் திருதிருவென்று முழிப்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். பசியோடு வந்தவர்கள் வயிறு நிறைந்து போனார்கள் என்றால் அது அந்தக் கரண்டியால்தான் என்று அவள் நம்பினாள். அதில் பொய்யும் இல்லை.

ஓய்வு கொடுத்தபோது கரண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். பழக்கத்தை விட்டுவிட்டு வரவில்லை.

மகன் வீட்டில் அண்டா ஏது? இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலிலேயே காத்திருக்க வேண்டிய சமையலறை. மேடையில் இரட்டை அடுப்பு, கீழே சிலிண்டர், ஜன்னலை ஒட்டித் தொட்டியும் குழாயும். மகன் நகரப் பேருந்து ஓட்டுகிறான். விடிகாலை ஷிப்டு என்றால் மத்தியானம் வந்துவிடுவான். மருமகள் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, அளவு பிரித்துப் போடுவது, கிழிந்ததைச் சேர்ப்பது என்று வேலை வரும். ஆனால் அவளைத் தேடி வருகிறவர்கள் கைத்தையலுக்காக வருவார்கள். பாவாடை விளிம்பை மடித்து ஊசியால் அவள் ஓட்டினால் வெளிப்பக்கம் ஒரு தையலும் தெரியாது. “மெஷின் எல்லாருக்கும் ஓடும், இந்தக் கை யாருக்கும் வராது” என்று மாடிவீட்டுக்காரி சொல்வாள். மாடிவீட்டுக்காரி வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவதே அபூர்வம்.

அந்த மருமகள் சமைத்து மூடிய எதையும் மாமியார் மூடினபடி விட்டதில்லை. அரிசி அடுப்பில் பாதி வெந்துகொண்டிருக்கும்போது வந்து திறப்பாள். ஆவி போய்விடும். சோறு நறுக்கரிசியாக நின்றுவிடும். பிறகு அவளே வாயில் போட்டுப் பார்த்து, “உனக்குச் சோறு வைக்கவே வரல போ” என்று உதட்டைப் பிதுக்குவாள். கல்யாணமான புதிதில் மருமகள், “பார்த்துட்டேன் அத்தை, இன்னும் கொஞ்சம் வேகணும், தொறக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் “தொறக்காதீங்க” நின்றது. கொஞ்ச நாளில் “பார்த்துட்டேன்” என்பதும் நின்றது. பெண் ஒருவழியாகப் படிந்துவிட்டாள் என்று பெரிய கரண்டி நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மகன் கையில் மீனோடு வந்தான். ஷிப்டு முடிந்த களைப்பில் குளிக்கப் போனவனுக்குப் பொரித்த மீன் வேண்டும். மாமியார் பின்படியில் உட்கார்ந்து செதில் சுரண்டினாள். மழை வரும்போல் இருந்தது. காற்றே இல்லாத புழுக்கம். மருமகள் வாணலியில் எண்ணெயை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் அம்மா தன் பெண்ணின் பள்ளிச் சீருடையோடு வந்து நின்றாள். மறுநாளே வேண்டுமாம். இடுப்புப் பிரித்துப் போட வேண்டுமாம். இதோ அதோ என்று அளவு எடுத்து, துணியை வாங்கி வைத்து, அந்த அம்மா சொன்ன வீட்டுக்கதைக்குத் தலையாட்டி அனுப்புவதற்குள் எண்ணெய் புகைந்து, புகை தீயாகிவிட்டது.

மருமகள் பதறவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியில் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அடுப்பைத் திருகி அணைத்தாள். வாணலியை நகர்த்தவில்லை. பெரிய தட்டுமூடியைத் தன் பக்கத்திலிருந்து முன்னால் தள்ளி வாணலியை மூடினாள். குனிந்து சிலிண்டரையும் அடைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்று மூச்சு விட்டாள். தீ உள்ளேயே அடங்கிவிட்டது.

கருகல் வாடை பின்படிக்கு வந்தது. பெரிய கரண்டி மீன்தட்டோடு உள்ளே வந்தாள்.

“என்ன வாடை? என்னத்தைக் கருக்கின?”

“எண்ணெய் பத்திக்கிச்சு அத்தை. மூடியிருக்கேன். தொடாதீங்க.”

“பத்திக்கிச்சா? எங்க, தீயே காணோம்?”

“உள்ள அணைஞ்சிருக்கும். ஆனா சூடு அப்படியேதான் இருக்கும். காத்து பட்டா மறுபடியும் பிடிச்சுக்கும். நல்லா ஆறட்டும் அத்தை.”

“எண்ணெயைக் காய வெச்சிட்டு வாசலுக்குப் போவாளா ஒருத்தி? எங்க விடுதியில எண்ணெய் காயும்போது ஆள் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. மூத்திரம் வந்தாலும் அடுப்பை அணைச்சிட்டுத்தான் போகணும்.”

“தப்புதான் அத்தை.”

தப்பை ஒத்துக்கொண்டதோடு பேச்சு முடிந்திருக்கலாம். பெரிய கரண்டியின் கண் மூடியின் மேலேயே இருந்தது. உள்ளே எவ்வளவு எண்ணெய் கருகிப் போயிருக்கிறது, வாணலி பாழா, எதை மறைக்கிறாள் இவள்? அவள் மேடையிலிருந்த கரித்துணியை எடுத்தாள். ஒரு கையில் தண்ணீர் சொட்டும் மீன்தட்டு. மறு கையால் மூடியின் குமிழைப் பிடித்துத் தூக்கினாள்.

அதற்கப்புறம் நடந்ததை அவளால் வரிசையாகச் சொல்ல முடிந்ததே இல்லை. தீ எழுந்ததைப் பார்த்தாள். தட்டிலிருந்து தண்ணீர் எண்ணெயில் சொட்டியது. வாணலி சீறியது. யாரோ அவளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். அவள் முகத்துக்கு நேராக ஒரு கை குறுக்கே வந்தது. அந்தக் கைமேல் எண்ணெய் தெறித்தது. அடுத்து, மருமகள் இடது கையால் கீழே விழுந்த மூடியை எடுத்துத் திரும்பவும் வாணலிமேல் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“தண்ணி! தண்ணி!” என்று பெரிய கரண்டி குடத்தைத் தூக்கினாள்.

“அதுமேல ஊத்தாதீங்க! வீடே பத்திக்கும்! என் கைக்குக் குழாயைத் தொறங்க!”

அந்த வீட்டில் மருமகள் போட்ட முதல் அதட்டல் அதுதான். மாமியார் குழாயைத் திறந்தாள். மருமகள் வளையலைக் கழற்றி எறிந்துவிட்டு வலது கையைத் தண்ணீருக்கு அடியில் நீட்டியபடி நின்றாள். ஈரத்தலையோடு ஓடி வந்த மகன், சத்தம் கேட்டு இறங்கி வந்த மாடிவீட்டுக்காரி, எல்லோரும் சமையலறை வாசலை அடைத்தார்கள்.

“பேஸ்ட் எடுத்துட்டு வந்திருக்கேன், தடவு! எரிச்சல் நிக்கும்!” என்றாள் மாடிவீட்டுக்காரி.

“ஒண்ணும் தடவாதீங்கக்கா. தண்ணி ஓடட்டும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மருமகள் சொன்னாள். கண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தத் தண்ணீருக்காக அவளைப் பாராட்டினார்கள். இல்லாவிட்டால் இன்னும் ஆழமாக வெந்திருக்குமாம். ஆனாலும் உள்ளங்கையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நன்றாகவே வெந்திருந்தன. எப்படி ஆச்சு என்று நர்ஸ் கேட்டபோது, “எண்ணெயை அடுப்புல வெச்சிட்டு வாசலுக்குப் போயிட்டேன்” என்றாள் மருமகள். மூடி திறந்த கதையை அவள் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மாமியாரும் அதைத் திருத்தவில்லை. குளியலறையிலிருந்தே எல்லாப் பேச்சையும் கேட்டிருந்த மகன்தான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அவன் ஆரம்பித்தான்.

“அவ தொடாதேன்னு சொன்னாளா இல்லையா?”

“சொன்னா.”

“அப்புறம் எதுக்கும்மா தொட்ட?”

“பார்க்கலாம்னு.”

“என்னத்தப் பார்க்கலாம்னு? நானும் சின்ன வயசுலேர்ந்து பார்க்கறேன். நான் போர்வையை இழுத்து மூடிட்டுப் படுத்தாகூட நீ வந்து தொறந்து பார்ப்பே. இப்ப அவ கையைப் பார்த்துக்கோ.”

அவள் திரும்பத் திரும்ப, அந்தக் குமிழைப் பிடித்த தன் கையை நினைத்துக்கொண்டாள். அந்தக் கையை வெட்டிப் போட்டிருந்தால் இந்தக் கை பிழைத்திருக்கும்.

புண் ஆறியது. தோல்தான் இழுத்துக்கொண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பந்தை அழுத்திக்கொண்டே இருப்பாள். மெஷினுக்கு உறை போட்டாயிற்று. வெட்டாமல் வைத்திருந்த துணிகளை ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. “நீ உடம்பைப் பார்த்துக்கோ, அவசரமே இல்ல, சும்மா வேற இடத்துல குடுத்துக்கறேன்” என்று தேனாகத்தான் பேசினார்கள். இடுப்புப் பிரிக்கச் சொன்ன அந்த அம்மாவும் வந்தாள். மருமகள் இடது கையாலேயே மடித்து எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு பொட்டலம் போகும்போதும் பெரிய கரண்டி சமையலறையில் நின்று காதைப் பொத்திக்கொண்டாள்.

சமையல் இப்போது முழுக்க அவள் பொறுப்பு. சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் போட்டு ஸ்பூனோடு கொடுப்பாள். மருமகளின் தலையை வாரிப் பின்னிவிடுவாள். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள். மருமகள், “சரி அத்தை”, “போதும் அத்தை”, “நீங்க சாப்பிடுங்க அத்தை” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. முகத்தில் கோபமும் கிடையாது. பெரிய கரண்டிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

துணி காயப்போடும்போது மாடிவீட்டுக்காரியிடம் சொல்லி ஆற்றிக்கொண்டாள்.

“ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கறாடி. பாவி, உன்னாலதானேன்னு ஒரு தடவை கேட்டுட்டா எனக்குச் சோறு இறங்கும்.”

“திட்டு வேணுமா? என் மருமகளை ரெண்டு நாள் இரவல் தரேன், கூட்டிட்டுப் போ. காதுல ரத்தம் வர்ற வரைக்கும் திட்டுவா.”

“சிரிக்காதே. எனக்குப் பயமா இருக்கு. தனியா போறதுக்கு அவன் இடம் பார்க்கறான். டிப்போ பக்கத்துல. இவ கை இப்படி இருக்கும்போது இவளை யாரு பார்த்துப்பா?”

“இவளை யாரு பார்த்துப்பாங்கறது உன் கவலையா, உன்னை யாரு பார்த்துப்பாங்கறதா?”

மாடிவீட்டுக்காரியின் வாய் அப்படி. பெரிய கரண்டி துணியை உதறிக்கொண்டே நின்றாள். இரண்டும்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மகன் போய்விட்டால் இந்த வீட்டில் அவள் ஒருத்திக்கு ஒரு பிடி அரிசி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பேருக்கு ஆக்கிப் போட்ட கை அது. மகன் இளகின மனசுக்காரன். அம்மா கண்ணைக் கசக்கினால் இருந்துவிடுவான். அதைவிட, மருமகள் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூட்டையைக் கட்ட மாட்டான். அந்த ஒரு வார்த்தையை எப்படி வாங்குவது என்றுதான் அவள் நாள் முழுக்க யோசித்தாள்.

ஒரு மத்தியானம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மகன் வரும் நேரம். முன்னறையில் மருமகள் அவனுடைய சீருடைச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு பொத்தான் தைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் நூலைக் கோத்துவிட்டாள். வலது கையில் ஊசி நிற்கவில்லை. எடுத்தாள், விழுந்தது. எடுத்தாள், விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது அவள் குனியவில்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரிய கரண்டி வந்து தரையில் உட்கார்ந்து ஊசியைத் தேடி எடுத்தாள். கொடுக்கவில்லை. தன் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதாள்.

“திட்டிடும்மா. உன் காலைப் பிடிச்சுக் கேட்கறேன். வாய்க்கு வந்தபடி திட்டு. வீட்டை விட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாதே. நீ இருந்தா அவனும் இருப்பான்.”

“நான் திட்ட மாட்டேன் அத்தை.”

“ஏன்? நல்லவள்னு பேர் வாங்கணுமா?”

“இல்ல. திட்டறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல.”

பெரிய கரண்டி நிமிர்ந்து பார்த்தாள். மருமகள் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.

“அன்னிக்கு நீங்க கரித்துணியை எடுத்தப்பவே நான் பார்த்துட்டேன். தொறக்கப் போறீங்கன்னு தெரியும். தொறந்தா என்ன ஆகும்னும் எனக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். எட்டி உங்க கையைப் பிடிச்சிருக்கலாம். சின்ன சமையலறை, எவ்வளவு தூரம் இருக்கப் போகுது? நான் சும்மா நின்னேன் அத்தை.”

“பயத்துல நின்னிருப்பே.”

“பயம் இல்ல. இவங்க எப்ப என் பேச்சைக் கேட்டிருக்காங்க, தொறக்கட்டுமே, ஒரு நாளாவது தெரியட்டுமேன்னு நின்னேன். தீ மேல எழுந்து உங்க முகத்துகிட்ட வந்தப்பதான் அய்யோன்னு ஆச்சு. அப்புறம்தான் ஓடி வந்தேன். முன்னாடியே வந்திருந்தா இந்தக் கைக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது.”

பெரிய கரண்டிக்கு முதலில் வந்தது கோபம்தான். அடிப்பாவி, நான் வேகட்டும் என்றா நின்றாய் என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அது நியாயமாகவும் இருந்திருக்கும். ஆனால் பேசுகிறவள் பக்கத்தில் கிடந்த பந்தை எடுத்து, மடங்காத விரல்களால் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாள். கோபம் வந்த வழியே போய்விட்டது. விடுதியில் அவள் ஓய்வு பெற்ற நாள் ஞாபகம் வந்தது. சமையல்காரர்கள் எல்லோரும் வந்து வரிசையாக நின்று கைதட்டினார்கள். ஒருத்தன்கூட அழவில்லை. ஒழுங்கான ஆட்கள் என்று அன்றைக்கு அவள் பெருமைப்பட்டாள்.

“யார்கிட்ட சொன்னே இதை?”

“யார்கிட்டயும் இல்ல. அவர்கிட்டகூடச் சொல்லல. நீங்க தினம் தலை வாரிவிடறீங்க, சோறு பிசைஞ்சு தரீங்க. எனக்குத் தொண்டையில இறங்கல.”

“இதுக்காகவா போறேங்கறே? இதெல்லாம் எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. மறந்துட்டேன். இப்பவே மறந்துட்டேன். இனிமே நீ சொல்றதுதான் இந்த வீட்டுல சட்டம். எதையும் தொட மாட்டேன். சமையலறைக்கே வர மாட்டேன்.”

“நீங்க மாறிடுவீங்க அத்தை. எனக்குத் தெரியும். என்னைப் பத்திதான் எனக்குத் தெரியல.” மருமகள் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். “எனக்குள்ள இப்படி ஒருத்தி இருக்கான்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். இங்கயே இருந்தா இன்னொரு நாள் மறுபடியும் அப்படிச் சும்மா நிப்பேனோன்னு பயமா இருக்கு.”

இந்த வீட்டுக்கு வந்தபோது இந்தப் பெண் கலகலவென்று பேசுவாள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மெஷினை மிதிப்பாள். அதெல்லாம் எப்போது நின்றது என்று பெரிய கரண்டி யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. சத்தம் நின்றபோது நிம்மதியாக இருந்தது மட்டும் நினைவுக்கு வந்தது. அவள் ஊசியை எடுத்துச் சட்டைப் பொத்தானைத் தைக்கத் தொடங்கினாள். கோணல்மாணலாகத்தான் வந்தது. மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் நனைந்தபடி வந்தான். தலையைத் துவட்டிக்கொண்டே அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தன. சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் கடுமையாகவே பேசினான்.

“அம்மா, இடம் கிடைச்சிருக்கு. டிப்போவுக்கு அடுத்த தெரு. ரெண்டு ரூம். பதில் சொல்லணும்னு கேட்கறாங்க. நீ என்ன சொல்ற?”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். இதோ, இதுதான் பெரிய கரண்டி காத்திருந்த சமயம். இப்போது கண்ணைக் கசக்கினால் போதும். இல்லை, உன் பெண்டாட்டி என்ன சொன்னாள் தெரியுமா என்று ஆரம்பித்தால் கதையே வேறு. பெரிய கரண்டி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்து மெஷின் உறையின் மேல் வைத்தாள்.

“ஆஸ்பத்திரிக்கு அங்கேர்ந்து நேர் பஸ் இருக்கா?”

“இருக்கு. ஏன்?”

“கைக்குப் பயிற்சி குடுக்கக் கூட்டிட்டுப் போகணும்ல. சும்மா விட்டா இறுகிப் போகும். நாளைக்கே போய்ச் சாவியை வாங்கிடு.”

அவன் துண்டைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றான். அழுகைக்கும் சத்தத்துக்கும் தயாராக வந்தவனுக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. குரல் தானாக இறங்கியது. அம்மா பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான்.

“வருத்தப்படாதேம்மா. அவளுக்கு உன்மேல கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு நாள்கூட உன்னைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல.”

“தெரியும்டா” என்றாள் பெரிய கரண்டி. “சொல்லியிருக்கலாம்.”